பூட்டுப் போட்டால் போதுமா?

சகோதரிகளே! இந்த வாரம் வடகம் போடும் பக்குவம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மன்னிக்க வேண்டும். வடகம் இன்னும் ஒரு வாரம் வெயிலில் காயட்டும். அதனால் அதற்கு ருசி கூடுமே தவிரக் கெட்டுப் போகாது. நான் சொல்ல வந்த சமாசாரம் அப்படிக் காத்திருக்காது.

சென்ற மாதம் ஒரு கிருகப் பிரவேசத்துக்காகப் புதுக்கடை போயிருந்தேன். மார்த்தாண்டத்தில் தேங்காய்ப்பட்டணம் பஸ் ஏறினால் வழியில் வரும் ஊர். என் வீட்டுக்காரரின் தங்கை அங்கேதான் குடியிருக்கிறாள். தென்னையும் வாழையும் ரப்பரும் மரச்சீனியும் கலந்து நிற்கிற பச்சைப் பசேலென்ற பூமி. வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார்கள். என் நாத்தனாரின் புருஷர் குவைத்தில் இருக்கிறார். இரவு ஒன்பது மணியானால் தெருவில் பாதி வீடுகளில் போன் மணி அடிக்கும். அப்பா முகம் அதில் தெரியும். பிள்ளைகள் பரீட்சைப் பேப்பரைத் தூக்கிக் காட்டுவார்கள். இன்டர்நெட் என்றால் பட்டணத்து ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் அங்கே ஒரு ராத்திரி இருந்து பார்க்க வேண்டும். அந்த ஊரில் அது அப்பா வீட்டுக்கு வந்து போகிற பாதை.

நாத்தனாருக்கு ஒரே பெண். வயது 13, எட்டாம் வகுப்பு. நான் படி ஏறும்போதே "மாமீ!" என்று ஓடி வந்து கையிலிருக்கும் பையைப் பிடுங்குகிறவள், இந்தத் தடவை வரவே இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"மைனி, அவகிட்ட ஒண்ணும் கேக்காண்டாம். போனைப் பிடுங்கி பீரோல வச்சுப் பூட்டியாச்சு. அவ அப்பா சொல்லிட்டாவ, பன்னிரண்டாங் கிளாஸ் முடியது வரைக்கும் நெட்டே வேண்டாம்னு" என்றாள் நாத்தனார். சாவி அவள் தாலிச் சரட்டில் தொங்கியது. அந்தக் காலத்தில் நகைப் பெட்டிச் சாவியை அப்படிக் கோத்துக் கொள்வார்கள்.

நடந்தது இதுதான். பள்ளிக்கூட வாசலில் ஒரு பெரிய பள்ளம். மழை பெய்தால் சைக்கிளோடு பிள்ளைகள் விழுவார்கள். என் மருமகள் அதன் ஓரத்தில் நின்று, ஒரு நிமிஷம், அவள் ஊர்ப் பேச்சிலேயே, "இது ரோடா, குளமா?" என்று கேட்டு ஒரு படம் எடுத்துப் போட்டாள். ஆயிரம் பேருக்கு மேல் பார்த்து விட்டார்கள். பத்து நாளில் லாரியில் ஜல்லி வந்து பள்ளம் மூடப்பட்டது. அந்தப் படத்துக்காகத்தான் மூடினார்கள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். மூடினார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பாராட்டி எழுதினவர்களில் ஒருவர், தானும் ஒன்பதாம் வகுப்புப் பெண் என்று சொல்லிக் கொண்டு வந்தார். முதலில் "எவ்வளவு நன்றாகப் பேசுகிறாய்!" அப்புறம், எந்தப் பள்ளிக்கூடம்? அப்புறம், வீட்டில் யார் யார்? அப்புறம், ஒரு போட்டோ அனுப்பு. கடைசியில், "இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லாதே." அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் இந்தப் பெண் எழுந்து நேரே அடுக்களைக்குப் போய், மீன் கழுவிக் கொண்டிருந்த அம்மாவின் முகத்துக்கு நேரே போனை நீட்டி விட்டாள்.

பேஷ்! அன்றைக்கு அந்த வீட்டில் பாயசம் வைத்திருக்க வேண்டும், அல்லவா? வைத்தது இரண்டு அறை. பயத்தில் அந்தக் கடிதங்களையும் அழித்து விட்டார்கள். பள்ளத்துப் படமும் போயிற்று. குவைத்திலிருந்து தீர்ப்பு வந்தது.

ராத்திரி திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மாமி, நான் சொல்லாம இருந்திருந்தா போன் எங்கிட்ட இருந்திருக்கும், இல்லியா?"

எனக்குப் பதில் வரவில்லை. சகோதரிகளே, உங்களுக்கு வருமா?

என் நாத்தனாரை நான் குறை சொல்லப் போவதில்லை. அவள் பயம் நியாயமானது. 2020-இல் இதே மாவட்டத்தில், நாகர்கோவிலில், ஒருவன் பிடிபட்டான். சமூக ஊடகங்களில் பெண்களோடு பழகி, படங்களை எடுத்து வைத்துக் கொண்டு, மிரட்டிப் பணம் பறித்தவன். 2023 ஜூன் மாதம் நாகர்கோவில் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஊரெல்லாம் அந்தப் பேச்சுத்தான். ஆனால் அதில் நாம் கவனிக்க வேண்டிய இடம் வேறு. அவனுக்குக் கையில் இருந்த ஆயுதம் போன் என்று நினைக்கிறோம். போன் பாதிதான். "வீட்டில் தெரிந்தால் என்னைக் கொன்று விடுவார்கள்" என்று ஒவ்வொரு பெண்ணும் நினைத்தாளே, அதுதான் மீதிப் பாதி. சென்னையிலிருந்து ஒரு பெண் துணிந்து புகார் எழுதிக் கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது.

நிற்க. அந்தப் பெண் குழந்தைக்கு யாரோ முன்பின் தெரியாதவர் எப்படிக் கடிதம் எழுத முடிந்தது? மறுநாள் காலையில் தோசைக்கல்லின் பக்கத்தில் நின்று விசாரித்தேன். கணக்குத் திறக்கும்போது பிறந்த வருஷம் கேட்டதாம். சின்ன வயது சொன்னால் தொந்தரவு என்று சிநேகிதிகள் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா பிறந்த வருஷத்தைப் போட்டு விட்டாள்! ஆக அந்தக் கம்பெனிக்காரன் கணக்கில் என் மருமகள் 38 வயது ஸ்திரீ. 38 வயது ஸ்திரீக்கு யாரும் எழுதலாம் அல்லவா? இன்ஸ்டாகிராமில் 2024-இலிருந்து சிறு வயதினருக்கென்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உண்மை வயதைச் சொன்னால், கணக்கு வெளியாருக்குத் திறக்காது. அறிமுகமில்லாதவர் கடிதம் எழுத முடியாது. பதினாறு வயதுக்குள் இருந்தால் இந்தக் கட்டுகளை அவிழ்ப்பதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். வேலி முன்னமே போட்டிருந்தது. பொய் வயது சொன்னதால் பெண் வேலிக்கு வெளியே போய் நின்றாள்.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், இப்போது சர்க்காரும் கோர்ட்டும் யோசிக்கிற பெரிய பூட்டுகளுக்கும் இதே சங்கடம்தான். ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கிடையாது என்று 2024-இல் சட்டம் செய்தார்கள். 2025 டிசம்பர் 10 முதல் அது அமலில் இருக்கிறது. பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ அபராதம் இல்லை. கம்பெனிகளுக்குத்தான், 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும். அதே டிசம்பரில் நமது சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, அந்த மாதிரிச் சட்டத்தை இங்கேயும் மத்திய சர்க்கார் ஆலோசிக்கலாம் என்று அபிப்பிராயம் சொல்லிற்று. கன்யாகுமரி மாவட்டத்து வழக்குகள் மதுரைக் கிளைக்குத்தான் போகும். ஆகவே புதுக்கடைக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

கம்பெனியின் கழுத்தில் பொறுப்பைக் கட்டியது சரிதான் என்பேன். ஆனால் இரண்டு சந்தேகம் எனக்கு. வயது சொல்லக் கூடாது என்றால் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? என் மருமகள் செய்ததைத்தான். இன்னொன்று: பிள்ளைகளைக் கண்டு பிடிக்க வேண்டுமானால் எல்லோரையும் நிறுத்தி வயது கேட்க வேண்டும். ரேஷன் கடை ஊழலைப் பற்றியோ, மாமியார் வீட்டுக் கொடுமையைப் பற்றியோ பெயர் சொல்லாமல் எழுதுகிற ஒரு பெண், முதலில் அடையாள அட்டையை நீட்டி விட்டு எழுத வேண்டுமென்றால், எழுதுவாளா? இந்தப் பக்கத்துக்கு வருகிற கடிதங்களிலேயே பாதி "ஒரு சகோதரி" என்றுதான் கையெழுத்தாகி வருகிறது!

பூட்டுப் போட்டுப் பார்த்த கதைகள் நம்மிடமே இருக்கின்றன. 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி இதே மதுரைக் கிளை, டிக்டாக்கைத் தடை செய்யச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. ஆபாசப் படங்கள் வருகின்றன, குழந்தைகள் அறிமுகமில்லாதவர்கள் கண்ணில் படுகிறார்கள் என்பது காரணம். நல்ல காரணம்தான். கூகிளும் ஆப்பிளும் தங்கள் கடையிலிருந்து அதை எடுத்து விட்டன. ஆனால் முன்னமே போனில் வைத்திருந்தவர்கள் வைத்துக் கொண்டுதான் இருந்தார்கள். கோர்ட்டுக்கு உதவியாக நியமிக்கப்பட்ட சீனியர் வக்கீல் அரவிந்த் தாதார், தடை இதற்குப் பரிகாரம் ஆகாது, ஒழுங்காக உபயோகிப்பவர்களின் உரிமையையும் பார்க்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். ஏப்ரல் 24-ஆம் தேதி நிபந்தனைகளோடு தடை நீங்கிற்று. (2020 ஜூனில் அது மறுபடி தடையானது வேறு காரணத்துக்காக. தேசப் பாதுகாப்பு என்று சொல்லி 59 செயலிகளை ஒரே நாளில் நிறுத்தினார்கள்.)

அதற்கும் முன்னால், 2015-இல் ஒரு வேடிக்கை நடந்தது. ஆபாசம் என்று 857 தளங்களை ஒரே மூச்சில் மூடச் சொல்லி மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. பார்த்தால் பட்டியலில் சிரிப்புத் துணுக்குகள் போடுகிற தளமும் இருந்தது! சில நாட்களுக்குள் உத்தரவைத் தளர்த்தி, குழந்தைகளை வைத்து எடுத்த படங்கள் உள்ள தளங்களை மட்டும் மூடினால் போதும் என்று ஆயிற்று. மூட்டைப் பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று நாம் சொல்கிறோமே, அமெரிக்க ஜட்ஜுகளும் கிட்டத்தட்ட அதையே சொல்லி 1997-இல் தங்கள் நாட்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தார்கள். அவர்கள் ஊரில் மூட்டைப் பூச்சிக்குப் பதில் பன்றி.

இன்னும் ஒன்று, பக்கத்துக் கேரளத்தில் நடந்தது. கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரிப் பெண்கள் ஹாஸ்டலில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போன் கூடாது என்று விதி. ஒரு மாணவி, எனக்குப் படிப்பதற்கே அது வேண்டும் என்று மறுத்தாள். ஹாஸ்டலை விட்டு அனுப்பி விட்டார்கள். அவள் ஹைகோர்ட்டுக்குப் போனாள். 2019 செப்டம்பர் 19-ஆம் தேதி கேரள ஹைகோர்ட், இன்டர்நெட்டை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று சொல்லி, அவளை ஹாஸ்டலில் திரும்பச் சேர்த்துக் கொள்ளச் சொல்லிற்று. அந்தப் பெண்ணின் தகப்பனார் அவள் பக்கமே நின்றார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

"பேச்சுச் சுதந்திரமெல்லாம் பெரியவர்கள் பாடு, எட்டாங் கிளாஸ் பெண்ணுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. புதுக்கடையில் இருந்து கொண்டு அப்படிக் கேட்பது எனக்கு வியப்பாக இருந்தது. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, இந்த ஊரிலும் மார்த்தாண்டத்திலும், எங்களைத் தமிழ்நாட்டோடு சேருங்கள் என்று கேட்டுத் திரண்டவர்களைத் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. பலர் மாண்டார்கள். நேசமணி தலைமையில் நடந்த கிளர்ச்சி அது. அப்போது முதல் மந்திரியாக இருந்தவர் பட்டம் தாணுப் பிள்ளை. அவருடைய கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே, ஜனங்களைச் சுட்ட மந்திரி சபை விலக வேண்டும் என்றார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் இந்த ஊரில் அஞ்சலி செய்கிறார்கள். வாயைத் திறந்து கேட்ட ஊர் இது. இந்த ஊர்ப் பெண் பள்ளத்தைக் காட்டிக் கேட்டதில் அதிசயம் என்ன?

பேச்சுக்குப் பூட்டுப் போடுகிற சட்டம் யார் மேல் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. எரிச்சல் உண்டாக்கும்படி எழுதினாலே குற்றம் என்றது. 2012-இல் மகாராஷ்டிரத்தில் பால்கரில் இரண்டு இளம் பெண்களைப் பிடித்தார்கள். ஒருத்தி, ஒரு தலைவர் காலமானதற்காக நகரத்தை மூட வேண்டுமா என்று எழுதினாள். மற்றவள் அது தனக்குப் பிடித்திருக்கிறது என்று குறி போட்டாள். 2015 மார்ச் 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ஆனால் அதே சட்டத்தில் 67பி என்ற பிரிவு அப்படியே இருக்கிறது. குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்களை எடுப்பது, பரப்புவது, தேடிப் பார்ப்பது குற்றம் என்பது அது. இதுதான் நாம் புரிந்து கொள்ள வேண்டிய வித்தியாசம். 2024 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட், அப்படிப் படத்தைத் தனியே பார்த்து வைத்திருந்தது குற்றமாகாது என்று ஒரு வழக்கை ரத்து செய்தது. அதே வருஷம் செப்டம்பர் 23-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி எழுதியது. அதை ஆபாசப் படம் என்று அழைப்பதே தவறு, அது குழந்தைக்கு இழைத்த கொடுமையின் தடயம் என்றது. அது பேச்சு அல்ல. அதற்குச் சுதந்திரமும் இல்லை.

இனி, உங்களுக்கு உடனே உதவக் கூடிய சில சங்கதிகள். யாராவது ஒருவர் இப்படி எழுதினால், நாத்தனார் செய்தது போல அழித்து விடாதீர்கள். திரையை அப்படியே படம் பிடித்து வைத்துக் கொண்டு, பிறகு அந்த ஆளை அடைத்து விடுங்கள். பதில் எழுதித் திட்ட வேண்டாம், வீண் வேலை. 1098 என்ற எண் குழந்தைகளுக்காக. இணையக் குற்றங்களுக்கு 1930. போலீஸ் ஸ்டேஷன் என்றால் நம் வீடுகளில் நடுங்குவார்கள். ஆனால் 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது, பாருங்கள்: குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்புகிற இடத்திலோ வாங்க வேண்டும், கூடிய வரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வர வேண்டும், சீருடை கூடாது, ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது, பெயரைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. கெட்ட எண்ணத்தோடு போன் வழியே ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பத் தொடர்கிறவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை உண்டு. உடம்பைத் தொட்டால்தான் குற்றம் என்பதில்லை.

அப்புறம் ஒன்று, கைக்குழந்தை உள்ளவர்களுக்கு. படங்களைச் சோதித்துப் பார்க்கிற யந்திரங்களைக் கம்பெனிகள் வைத்திருக்கின்றன. அவற்றுக்கு வைத்தியம் எது, விஷமம் எது என்று தெரியாது. 2021-இல் அமெரிக்காவில் ஒரு தகப்பனார், குழந்தைக்கு வந்த வீக்கத்தை டாக்டருக்குக் காட்டப் படம் எடுத்தார். கூகிள் அவர் கணக்கையே மூடி விட்டது. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்று சொல்லியும் கணக்கு திரும்பவில்லை. ஆகவே அம்மாமார்களே, குழந்தையின் அரைக்குக் கீழே சிரங்கு என்றால் டாக்டரிடம் நேரில் தூக்கிக் கொண்டு போவது உசிதம்.

சரி, புதுக்கடைக்கு வருவோம். அன்று இரவு ஒன்பது மணிக்கு நாத்தனாரின் போனில் குவைத் வந்தது. நான் வாங்கிக் கொண்டேன்.

"தம்பி, நாளைக்கு இன்னொருத்தன் இவளுக்கு எழுதினால் யாரிடம் சொல்ல வேண்டும்?"

"என்ன அக்கா கேள்வி? எங்கிட்ட சொல்லட்டும்."

"எதிலே சொல்வாள்? போன்தான் பீரோவில் இருக்கிறதே!"

அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமில்லை. கம்பி அறுந்து விட்டதோ என்று கூட நினைத்தேன். பிறகு, "அவ கையில குடுங்க அக்கா" என்றார். பெண் போனை எடுத்துக் கொண்டு முற்றத்துக்குப் போய் விட்டாள். தகப்பனும் மகளும் என்ன பேசினார்கள் என்று நான் ஒட்டுக் கேட்கவில்லை. நாத்தனார் கேட்டாள் என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

மறுநாள் தாலிச் சரட்டிலிருந்து சாவி இறங்கியது. சும்மா இல்லை. புதுக் கணக்கு, உண்மை வயது. கூகிளின் பேமிலி லிங்க் என்ற வசதியை, அது இலவசம், அம்மாவின் போனோடு இணைத்தோம். ராத்திரி பத்துக்கு மேல் இரண்டு போனும், அம்மாவுடையதும் சேர்த்து, அடுக்களை அலமாரியில் தூங்க வேண்டும். இதற்கு நாத்தனார்தான் அதிகம் மறுப்புச் சொன்னாள்! சீரியல் பார்க்கிற நேரமாம். பள்ளிக்கூடம் பெயரும் சீருடையும் படத்தில் தெரியக் கூடாது என்று பெண்ணே சொன்னாள், நாங்கள் சொல்லவில்லை. அம்மா அவள் கடிதங்களைப் படிக்க மாட்டாள் என்பதும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஒன்றே ஒன்று: யாராவது "சொல்லாதே" என்று எழுதினால் சொல்ல வேண்டும், சொன்னதற்காக ஒரு நாளும் போன் பீரோவுக்குள் போகாது.

நான் ஊருக்குப் புறப்படுகிற அன்று பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். கையில் ஒரு தார் மட்டிப் பழம். வழியில் குடி தண்ணீர்க் குழாய் ஒன்று உடைந்து தெருவெல்லாம் ஓடிக் கொண்டிருந்தது. நின்று பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமி, பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?"

கால் மணி இருந்தது. பழத்தாரை நான் வாங்கிக் கொண்டேன்.

வடகம், கட்டாயம் அடுத்த வாரம்.